சார்ஜ் போட யார் வீட்டைக் கேட்பது?

மின்சார சைக்கிளில் கிதாரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் இசைக்கலைஞர்களின் காணொளிகளை ஆசையாகப் பார்க்கிறோம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட சைக்கிளுக்கு இந்தியாவில் ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் பேட்டரி வழியில் தீர்ந்துபோகும். முன்பின் தெரியாத ஊரில், யாரோ ஒருவர் வீட்டில் சில மணி நேரம் சார்ஜ் போடக் கேட்க வேண்டும். கிதார் வைத்திருப்பவரிடம் பாட்டைப் பற்றி விசாரிப்பார்கள். பறை வைத்திருப்பவரிடம் "நீ எந்தத் தெரு?" என்பார்கள்.

1901இல் மசூரிலிருந்து கோரேகாவுக்கு மாட்டுவண்டியில் போன சிறுவன் அம்பேத்கருக்கு வழிநெடுகக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டியதாக வழக்கு. வண்டிதான் மாறியிருக்கிறது.

1927இல் மகாடில் நம் மக்கள் பொதுக்குளத்துத் தண்ணீரை உரிமையாக எடுத்துக் குடித்தார்கள். அதே உரிமையோடு ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் பேருந்து நிலையத்திலும் பொது சார்ஜிங் வசதி கேட்போம். பறையைக் கட்டிய சைக்கிள் எவர் தயவும் இல்லாமல் ஊர் தாண்டிப் போகட்டும்.