வண்டி வந்துவிட்டது, சொருகுவதற்கு இடம் எங்கே?

நெல்லைச் சீமைக்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1944ஆம் ஆண்டிலேயே பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தாயிற்று. இன்று கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு இருக்கின்றன. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். கங்கைகொண்டானில் சூரிய மின்கலம் செய்யும் பெரிய ஆலை 2025இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. ஆக, மின்சாரமும் இங்கே, காரும் இங்கே. இரண்டையும் இணைக்கும் பிளக் பாயிண்டை மட்டும்தான் தேட வேண்டியிருக்கிறது!

சட்டத்தில் குறை சொல்வதற்கில்லை. சார்ஜ் ஏற்றித் தருவது மின்சாரம் விற்பதாகாது, அது ஒரு சேவையே. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018இலேயே விளக்கம் தந்துவிட்டது. நகரத்தில் 3 கிலோமீட்டர் சதுரத்திற்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என வழிமுறையும் வகுத்தது. ஆயினும் 2024 இறுதியில் நாடு முழுவதும் இருந்த பொது சார்ஜ் நிலையங்கள் சுமார் 25,000தான். அவற்றுள் 5,000க்கு மேல் கர்நாடகம் ஒன்றிலேயே! விதி டெல்லியில் எழுதப்படுகிறது. வண்டியோ வள்ளியூரில் நிற்கிறது.

இது பெட்ரோல் பங்கில் நான்கு நிமிடத்தில் முடிகிற வேலையும் அன்று. கணக்கைப் பாருங்கள். 15 ஆம்பியர் பிளக், 230 வோல்ட். பெருக்கினால் 3,450 வாட். நடைமுறையில் மணிக்கு 3 யூனிட் ஏறும் என்று கொள்வோம். 30 யூனிட் பாட்டரி உள்ள சிறிய கார் நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். 60 யூனிட் என்றால் இருபது மணி நேரம். விரைவு சார்ஜர் இதை ஒரு மணியளவில் முடித்துவிடும், உண்மைதான். ஆனால் 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று ஓடுவது, இருபது வீடுகள் ஒரே நேரத்தில் வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் இழுப்பதற்குச் சமம். டிரான்ஸ்பார்மர் முதற்கொண்டு யோசிக்க வேண்டும். செலவு இலட்சக்கணக்கில் போகும். நாற்கரச் சாலை ஓட்டல் வாசலுக்கு அது பொருந்தும். ஊருக்குள் இருக்கும் சந்துகளுக்குப் பொருந்துமா?

சொந்த வீடும் வாசலும் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. இரவில் சொருகினால் காலையில் வண்டி தயார். வளவில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவன் என்ன செய்வான் என்பதே என் கேள்வி.

என் தந்தையார் பாளையங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் மின்சார ஆட்டோ கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதன் பாட்டரி சுமார் 8 யூனிட் கொள்ளும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் 80 ரூபாய். பெட்ரோல் ஆட்டோவுக்கு அதே தூரத்திற்கு 3 லிட்டருக்கு மேல், அதாவது 300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாளொன்றுக்கு 200 ரூபாய் மிச்சம் என்பது, என் தங்கையையும் கல்லூரிக்கு அனுப்பப் போதுமான பணம்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. வளவுக்காரர்தான் சம்மதிக்கவில்லை. ஏழு வீட்டிற்கும் ஒரே லைன். வண்டிக்குச் சொருகினால் ஒயர் கருகிவிடும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தப் பழைய ஒயரிங் மணிக்கணக்கில் 3 கிலோவாட் தாங்காது. "வண்டிய வாங்கிரலாம்ல. ராத்திரி எங்கன கொண்டுபோயிச் சொருவ?" என்று தந்தையார் கேட்டதற்கு என் இயற்பியல் புத்தகத்தில் விடை இல்லை.

விடை பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. ஆரியங்காவைத் தாண்டினால் கேரளம். அங்கே மின்வாரியமே 2021இல் கோழிக்கோட்டில் ஆட்டோக்களுக்காக மின்கம்பங்களில் பத்துப் பெட்டிகளை மாட்டிச் சோதித்தது. பின்னர் மாநிலமெங்கும் ஆயிரத்துக்கு மேல் வைத்தது. இலண்டனில் தெருவிளக்குக் கம்பத்திலேயே காரைச் சொருகுகிறார்கள். அங்கும் பலருக்கு வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. இத்தகைய 3 கிலோவாட் பெட்டியை 3,500 ரூபாய்க்குள் செய்ய வேண்டும் என்று 2021இல் நம் மத்திய அரசே இலக்கு வைத்ததுண்டு. விரைவு சார்ஜர் ஒன்றுக்கு ஆகும் பணத்தில் ஒவ்வொரு ஆட்டோ நிலையத்திலும் இரண்டு பெட்டி மாட்டலாமே! முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் துணிபு. நெடுஞ்சாலைக் கார்களுக்கான ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகள் தாமே பார்த்துக்கொள்ளும்.

நேரமும் தோதாக அமைகிறது. பகல் 12 முதல் 3 வரை சவாரி குறைவு. ஆட்டோக்கள் வேப்பமர நிழலில் சும்மா நிற்கின்றன. சூரிய மின்சாரம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். மூன்று மணி நேரத்தில் 9 யூனிட் ஏறும்; ஆட்டோவுக்கு அது தாராளம்.

"2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே இருட்டில் கிடந்ததே, அப்போது என்ன செய்வாய்?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். மின்சாரம் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கின் பம்பும்தான் ஓடாது! ஆனாலும் ஜங்ஷன் பேருந்து நிலையம் போலத் தண்ணீர் ஏறிய இடங்களில் பெட்டியைத் தாழ்வாக மாட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் கல்லூரி வண்டிக் கொட்டகையிலும் காலை முதல் மாலை வரை வண்டிகள் நிற்கின்றன. ஆசிரியப் பெருமக்களின் மின்சார ஸ்கூட்டர்களும் அவற்றில் உண்டு. முதல்வர் அவர்கள் இரண்டு பெட்டிகளுக்கு மின்வாரியத்திற்கு எழுதினால் போதும். தனி மீட்டர் வைத்து, வாசலில் நிற்கும் ஆட்டோக்களுக்கும் மதிய வேளையில் திறந்துவிடலாம். யார் எத்தனை யூனிட் எடுத்தார்கள் என்று தினமும் பார்த்து எழுத, இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாங்கள் முறை வைத்து வருகிறோம்.