இரண்டு நொடிக்குக் காவல் யார்?

அமெரிக்க அரசு 2026ஆம் நிதியாண்டுக்கு முன்வைத்த வரவுசெலவுக் கோரிக்கை, லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்துக்கான தொகையை ஏறத்தாழ 4.8 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைத்து, ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் ஆகிய இரு நிலையங்களுள் ஒன்றை மட்டுமே இயக்க இடம் தந்தது. ஒரே அலை இரு நிலையங்களையும் வந்தடையும் நேர வேறுபாடே மூலத்தின் திசையைச் சொல்வதால், ஒன்றை மூடினால் திசையறியும் திறன் பெரும்பாலும் போய்விடும் என்பதைக் கோரிக்கையை வரைந்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2019 ஏப்ரல் 25 அன்று ஹான்ஃபோர்ட் இயங்காதிருந்தபோது வந்த நியூட்ரான் விண்மீன் இணைவை லிவிங்ஸ்டன் மட்டுமே தெளிவாகப் பதிந்தது. தேட வேண்டிய பரப்பு 8,000 சதுர பாகையைத் தாண்டி வானத்தின் ஐந்திலொரு பங்காக விரிந்ததால், இணைச்சமிக்ஞை, அதாவது அதே நிகழ்வு காமாக் கதிர் முதலான மின்காந்த அலைகளில் விடும் தடயம், உறுதியாக எதுவும் கிட்டவில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று வந்த இணைவிலோ ஐரோப்பாவின் விர்கோ ஈர்ப்பலை ஆய்வகமும் சேர்ந்து அத்தகைய பரப்பைச் சுமார் 30 சதுர பாகைக்குள் அடக்கியதால், இணைவு நிகழ்ந்த என்ஜிசி 4993 உடுமண்டலம் சில மணி நேரத்தில் அகப்பட்டது.

அந்த வெற்றியில் காமாக் கதிரின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. லிவிங்ஸ்டன் தரவில் கருவி இரைச்சல் குறுக்கிட்டதால் தானியங்கித் தேடலில் முதலில் வெளிப்பட்டது ஹான்ஃபோர்டின் ஒற்றைப் பதிவே, இணைவுக்கு 1.7 நொடி கழித்து நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் கண்ட காமாக் கதிர் வெடிப்பே அதற்கு உடனடி வலுவூட்டியது, ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் அவ்வெடிப்பை உறுதிசெய்தது. 2015இல் முதல் ஈர்ப்பலையை ஒட்டி ஃபெர்மி பதிந்த மெலிந்த சமிக்ஞையை இன்டெக்ரல் காணாததால் அந்த வழக்கு இன்றும் தீரவில்லை என்பதை நினைத்தால், ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும் கருவிகள் எத்துணை இன்றியமையாதவை என்பது விளங்கும்.

குறுங்காமா வெடிப்பு இரண்டு நொடிக்குள் முடிந்துவிடுவதால் மறுநாள் திரும்பிப் பார்க்க அந்த வெடிப்பு இராது. ஆயினும் இன்டெக்ரல் 2025 பிப்ரவரியில் தன் அறிவியல் பணியை முடித்துக்கொண்டது. ஃபெர்மியோ ஐந்தாண்டுக்கென வடிவமைக்கப்பட்டு 2008 முதல் உழைத்துக்கொண்டிருப்பது, அதற்கும் வானத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியை எப்போதும் புவி மறைத்துவிடுகிறது. சீனாவின் ஜீகாம் போன்ற புதியவை ஆறுதல் தந்தாலும், மூத்த செயற்கைக்கோள்களுக்கு வாரிசு எங்கே என்று கேட்டால் நிதி அமைப்புகளிடம் விடையில்லை. ஹிங்கோலியில் அமையவுள்ள லைகோ-இந்தியாவுக்கு 2023இல் 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்த ஒன்றிய அரசு, புவியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கோள்களை நிறுத்தி முழு வானையும் கண்காணிக்க நம் ஆய்வாளர்கள் வகுத்த தக்ஷா திட்டத்தை முன்மொழிவாகவே வைத்திருப்பது வருத்தத்துக்குரியது, பொறுப்பற்றதும் கூட.

லைகோவின் இரு நிலையங்களையும் காக்கக் கோரும் மனுக்களில் இத்துறையினர் கையொப்பமிட வேண்டும். அம்மனுக்களில் காமாக் கண்காணிப்புக் கோள்களுக்கான வாரிசுத் திட்டமும் தனிக் கோரிக்கையாக இடம்பெற வேண்டும்.