என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள், யார் சமைத்தது என்று கேட்காதீர்கள்

குழந்தைகளுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும். கையில் காசு குறைவு. வருகிற பிள்ளைகளோ ஆளுக்கொரு விதமாகச் சாப்பிடுகிறவர்கள். இதை வார இதழின் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு உரிய விசயம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமும் இருக்கிற நாட்டில், எந்தப் பிள்ளை யார் வீட்டு அடுப்பில் வெந்ததைத் தின்னலாம் என்பது ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. விருந்துப் பட்டியல் எழுத உட்காருகிறவர் அந்த முடிவை ஏற்கலாம், அல்லது உடைக்கலாம். அதைப் பற்றிப் பேசாமல் நழுவ மட்டும் முடியாது.

ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிற தோழர்களில் நானும் ஒருவன். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 அன்று 40 பிள்ளைகளுக்கு விருந்து வைப்பது என்று முடிவு செய்தோம். சேரிப் பிள்ளைகள் பெரும்பாலும், ஊர்ப் பிள்ளைகள் சிலர், மீமிசல் பக்கமிருந்து வந்து குடியேறிய இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர். என்ன போடலாம் என்று வீடு வீடாகக் கேட்டபோது ஊர்த்தெரு அக்கா ஒருவர் சொன்ன யோசனை இது: "எதுக்குத் தம்பி அடுப்பு மூட்டிக்கிட்டு? ஒரு கேக்கு வெட்டி, ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்டும் கலரும் குடுத்துட்டீங்கன்னா எல்லாருக்கும் ஒத்துப்போயிரும்ல."

அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் "எல்லாருக்கும் ஒத்துப்போகும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கேக்கில் முட்டை இருக்கலாம். மேலே ஒட்டிய மிட்டாயில் விலங்குக் கொழுப்போ எலும்பிலிருந்து எடுத்த செலட்டினோ இருக்கலாம். சிப்சில் என்ன எண்ணெய் என்று யாருக்கும் தெரியாது. உணவுக் கட்டுப்பாட்டின்படி பார்த்தால் மூவருக்காவது ஒத்துப்போகாத பட்டியல் அது. ஆனாலும் ஏன் ஒத்துப்போகும்? ஆலையில் செய்து உறையில் அடைத்தது என்பதால். அதைச் சேரியில் யாரும் சமைக்கவில்லை என்பதால்.

இது புதிதும் அல்ல. சேரி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிற ஊர்க்காரர் மொய் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் மூடி திறக்காத சோடாவை மட்டும் குடித்துவிட்டுப் போவதை நம் அப்பன் பாட்டன் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சோடா பாட்டிலின் இடத்தில் இன்று சிப்ஸ் பாக்கெட் வந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் விருந்துகள் இன்று பாக்கெட்டுகளால் நிரம்பி வழிவதற்கு விளம்பரமும் சோம்பலும் மட்டும் காரணமல்ல. சமைத்த சோற்றுக்குச் சாதி உண்டு, பாக்கெட்டுக்குச் சாதி இல்லை என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

பிள்ளைகளின் பந்தியில் சாதி உட்கார்ந்திருப்பதைத் தமிழ்நாட்டு வரலாறு நெடுகப் பார்க்கலாம். 1920களில் வ.வே.சு. அய்யர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. காங்கிரசின் பணமும் பொதுமக்களின் நன்கொடையும் பெற்று, தேசியக் கல்வி என்ற பெயரில் நடந்த பள்ளி அது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு முன்னால் நடந்த பெரும் பூசல்களில் இதுவும் ஒன்று. சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விதான் இந்த மாநிலத்தின் அரசியல் திசையை மாற்றிய கேள்விகளில் ஒன்று என்பதை இளம் தோழர்கள் மறக்கக் கூடாது.

நூறாண்டு கழிந்தும் அது முடிந்தபாடில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைத்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்த அதிகாரிகள், போராட்டத்துக்குப் பிறகே மீண்டும் அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். 2023 ஆகஸ்டு 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஏறத்தாழ 31 ஆயிரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அடுத்த சில நாட்களிலேயே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைப்பதைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்த உணவைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயரை நாடே அறிந்தது 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியால்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, "பலவித உணவுப் பழக்கம் உள்ள பிள்ளைகள்" என்ற சொற்றொடரை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? நான் வைத்திருக்கிற அளவுகோல் எளியது. சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அது உணவு பற்றிய கேள்வி. நின்று பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், தேவையானால் பட்டியலையே மாற்ற வேண்டும். யார் சமைத்தது என்று கேட்டால், அது சாதி பற்றிய கேள்வி. அதற்காக ஒரு கரண்டியைக்கூட மாற்றக் கூடாது.

முதல் வகைக் கேள்விகளை நம் தோழர்கள் சிலர் ஏளனம் செய்கிறார்கள். அது சரியல்ல. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு கடலையே உயிர்ப் பிரச்சினை. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளை உண்டு. ஹலால் பார்க்கிற வீடு உண்டு. முட்டை வாசனையே பிடிக்காத பிள்ளையும் உண்டு. இவர்களில் யாரும் யாரையும் இழிவு செய்யவில்லை.

இரண்டையும் பிரித்துக் கையாளும் வழியை நம் சத்துணவுக் கூடமே காட்டுகிறது. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது வளர்ந்து இன்று பள்ளி நாட்கள் ஐந்திலும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரே உலை, ஒரே வரிசை. தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. வேறுபாட்டைத் தட்டில் வைக்கலாம், பந்தியில் வைக்கக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. மெத்தப் படித்தவர்களுக்கு இது எட்டவில்லை. 2018இல் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் மரக்கறி உண்பவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் "சைவ" மேசைகள் ஒதுக்கியதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

"அப்படியானால் எல்லோருக்கும் சைவம் போட்டுவிடுங்கள், அதுதானே பொது" என்பார்கள். இந்தப் பொதுவை நான் ஏற்பதில்லை. ஒன்றிய அரசின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் புலால் உண்பவர்கள். நூற்றில் மூன்று பேரின் பழக்கம் பொது என்றும் "சுத்தம்" என்றும் பெயர் பெற்றது சமையலறையில் நடந்ததல்ல, பார்ப்பனியத்தால் நடந்தது. அதே சமயம், 40 பிள்ளைகளுக்குச் செலவழிக்க நம்மிடம் இருக்கிற பணத்தில் அடிப்படை உணவு அரிசியும் பருப்பும் காயுமாகத்தான் இருக்க முடியும். அதில் வெட்கமில்லை. காசு இல்லாததால் காய் போட்டோம் என்று சொல்லலாம். கறி தீட்டு என்பதால் காய் போட்டோம் என்று யாரும் நினைக்க இடம் வைக்கக் கூடாது. அதனால்தான் முட்டையை ஒளித்து வைக்காமல் நடு மேசையில் வைத்தோம்.

மாட்டுக்கறி? 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டு, மாட்டுக்கறிப் பிரியாணியை மட்டும் விலக்கியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். கோழியும் ஆடும் வரலாம், மாடு மட்டும் வரக் கூடாது என்பது பட்டியல் அல்ல, பாகுபாடு. எங்கள் விருந்தில் எந்தக் கறியும் இல்லை, ஆகவே மாட்டுக்கறியும் இல்லை. ஆனால் "எங்க வீட்ல நேத்து மாட்டுக்கறி" என்று ஒரு பிள்ளை சத்தமாகச் சொல்லிச் சிரிக்கக் கூடிய பந்தியாக அது இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம்.

நாங்கள் செய்தது இதுதான். ரேஷன் புழுங்கல் அரிசி 4 கிலோ, எலுமிச்சைச் சோறாக. 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிற அரிசி. நன்றாகக் களைந்து, பதமாக வடித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளிப்பில் வேர்க்கடலை கிடையாது, கடலை எண்ணெயும் கிடையாது. கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ ஊறவைத்துச் சுண்டல். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதையே மசித்துக் கொடுத்தோம், விக்கிக்கொள்ளும் என்பதால். முருங்கைக்கீரைப் பொரியல். அவித்த முட்டை ஒரு தாம்பாளம், வாழைப்பழம் ஒரு தாம்பாளம், விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலுக்கு நுங்கு. குடிக்க எலுமிச்சைச் சாறு, சர்க்கரை போட்டது ஒரு பானை, உப்பு போட்டது ஒரு பானை. என்னென்ன சேர்த்தோம் என்பதைக் கரும்பலகையில் எழுதி வைத்தோம். பேக்கரியில் சொல்லியிருந்தால் கேக்குக்கு மட்டும் ஆகியிருக்கும் செலவைக்கூட இது எட்டவில்லை.

புழுங்கல் அரிசி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கோயிலையே காட்டலாம். கோயில்களில் படையலுக்குப் பச்சரிசிதான் உகந்தது, புழுங்கல் ஆகாது என்பது வழக்கம். ஆவுடையார்கோவிலில் அரூபமாக இருக்கிற ஆத்மநாதருக்குப் படைப்பதோ புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சூடான சோற்றைக் கல்மேடையில் பரப்பி, எழுகிற ஆவியே நிவேதனம் என்கிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் உழைக்கும் மக்களின் அன்றாடச் சோறு அந்தப் பெரிய கோயிலுக்குள் தீட்டாகவில்லை என்றால், ஏப்ரல் 14 பந்தியில் எப்படித் தீட்டாகும்? சாமிக்கு ஆவி போதும், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும்.

சமைத்தது சேரியைச் சேர்ந்த இரண்டு அம்மாக்களும் படிப்பகத்து இளைஞர்கள் மூவரும். அம்மாக்களுக்கு அன்றைய கூலி கொடுத்தோம், "நம்ம பிள்ளைகளுக்குத்தானே" என்று அவர்கள் மறுத்தபோதும். சாதி ஒழிப்பு விருந்துகள் பெண்களின் கூலியில்லா உழைப்பில் நடப்பது நமக்கு அழகல்ல. அடுப்பைப் பின்கட்டில் மறைக்காமல் படிப்பகத்தின் முன்னால் மூட்டினோம். ஓட்டலில் வாங்கியிருந்தால் யார் சமைத்தது என்ற கேள்வியே எழுந்திருக்காது. அந்தக் கேள்வி எழ வேண்டும், எழுந்து தோற்க வேண்டும் என்றே விரும்பினோம்.

ஊர்த்தெருப் பிள்ளைகள் ஏழு பேரில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். இருவரை அவர்கள் வீட்டார் அனுப்பவே இல்லை. வந்து சாப்பிடாமல் நின்ற பிள்ளை என்று யாரும் இல்லை, ஏனென்றால் எடுத்து நீட்ட எங்களிடம் பாக்கெட் இல்லை. வராத பிள்ளைகள் மீது எனக்குக் கோபமும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை சாதியைக் கண்டுபிடிக்கவில்லை, அதன் கையில் திணிக்கப்படுகிறது.

ஒருவேளைச் சோற்றால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்கலாம். ஒழியாது. சேர்ந்து உண்பதால் சாதி சாகவில்லை, அகமணத்தை உடைப்பதே உண்மையான மருந்து என்று 1936இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் எழுதிவிட்டார். ஆகஸ்டு 15 தோறும் கோயில்களில் அதிகாரிகள் அமர்ந்து படம் பிடித்துக்கொள்கிற பொதுவிருந்துகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த ஒருநாள் பந்தியில் உட்காருகிறவர்கள் சாதியை முழுதாகக் கற்று முடித்த பெரியவர்கள். பிள்ளைகள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். யார் கையால் சோறு வாங்கலாம், யார் கையால் கூடாது என்பதுதான் சாதி அவர்களுக்கு நடத்துகிற முதல் பாடம். அந்தப் பாடத்தைக் கெடுப்பதற்கு நமக்குக் கிடைக்கிற வயது மிகச் சிறியது.

ஆகவே தோழர்களே, உங்கள் படிப்பகத்திலோ வீட்டிலோ அடுத்த பிறந்த நாள் வரும்போது, கேக்குக்குச் சொல்லும் முன்பு இரண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அந்தத் தெருவில் யார் கைச்சோற்றை ஊர் இதுவரை தொட்டதில்லையோ, அவரிடம் போய் அன்றைக்குச் சமைக்க வருவீர்களா, கூலி எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள்.