சுவைப்போரும் குடிப்போரும்

சிங்கப்பூரின் நகர்ப்பகுதியிலுள்ள இத்தாலிய உணவகங்களில் தமிழ் நண்பர் குழுவினர் கூடி விருந்துண்பது இன்று புதுமையன்று. மேசைமேல் நான்கைந்து சிவப்பு ஒயின் புட்டிகள் நிற்கும். பியட்மாண்ட் மாநிலத்துப் பரோலோவை முதலில் திறப்பதா, டஸ்கனியின் கியாந்தியைத் திறப்பதா என்று ஆராய்வர். கோப்பையைச் சுழற்றுவர், முகர்வர், ஒரு மிடறை நாவில் நிறுத்தி, நெபியோலோ திராட்சையின் இயல்பு குறித்து உரையாடுவர். (துவர்ப்பு என்னும் நல்ல சொல் வீட்டில் இருக்க, அந்த மேசையில் ‘டானின்’ மட்டுமே பேசும்.) இதற்கு ‘ஒயின் சுவைத்தல்’ என்று பெயர். அதே ஞாயிறு மாலையில் தேக்காவில், ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் உழைத்த இளைஞர் நால்வர் ஊர் நண்பரைக் கண்டு, காப்பிக் கடையில் அமர்ந்து பீர் அருந்துவர். இதற்குப் பெயர் ‘குடித்தல்’. முன்னவர் சுவைஞர்; பின்னவர் குடிகாரர்.

இந்தப் பாகுபாட்டைப் புட்டிக்குள் தேடினால் கிடைக்காது. 13.5 விழுக்காடு மதுசாரம் கொண்ட 750 மில்லிலிட்டர் ஒயின் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் மதுசாரம் உண்டு. 5 விழுக்காட்டுப் பீர் அரை லிட்டரில் இருப்பது 25. ஆகவே ஒரு புட்டி பரோலோவைத் தனியே முடிப்பவர், மதுசாரக் கணக்கில், நான்கு பெரிய கலன் பீரை முடித்தவராகிறார். பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்றுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தபோது, இத்தாலியக் கொடிக்கு விலக்கு அளிக்கவில்லை. ஈரல் பெயர்ச்சீட்டைப் படிப்பதுமில்லை. கியாந்தியும்கூட வைக்கோல் பின்னிய குடுவையில் எளிய மக்களின் உணவோடு இடம்பெற்ற பானமாக நெடுங்காலம் இருந்ததே. அங்கே உழவன் அருந்தியது இங்கே உயர்குடியின் அடையாளமாகிவிட்டது.

இத்தாலிய மது தமிழர்க்குப் புதியதும் அன்று. புறநானூற்றின் 56-ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனை நாளும் அருந்தி இன்புறுமாறு பாண்டியனை நக்கீரர் வாழ்த்துகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், 2007 முதல் அகழப்பட்ட கேரளத்துப் பட்டணத்திலும் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைந்து கிடந்தன. அவற்றுள் சில, வெசூவியஸ் மலையடிவாரத்துக் கருமணல் கலந்த மண்ணால் வனையப்பட்ட காம்பேனியச் சாடிகள். முசிறியில் இறங்கிய பொருள்களுள் மதுவும் உண்டு, ஆயினும் மிகுதியாக இல்லை என்று ‘பெரிப்ளூஸ்’ நூல் குறிக்கிறது. கடல் கடந்து சிறிதளவே வந்த அந்த மது, அரசனின் பொற்கலத்தை அடைந்ததில் வியப்பில்லை.

இந்தப் பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், பண்டைத் தமிழரின் கடல் வாணிகத்துக்கு இதனைப் பெருமையோடு சான்று காட்டுவார். அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தி வரும்போது, நட்பின் மேன்மை என்பார். அடுத்த வாரமே ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுத் தேடித் தேக்காவுக்குப் போவார். மன்னன் கலத்தில் இருந்தால் தேறல், தொழிலாளி கையில் இருந்தால் கள் என்னும் உரை எந்த உரையாசிரியர் எழுதியது? வள்ளுவர் குடிப்பவரின் வருமானத்தைக் கேட்டு அந்த அதிகாரத்தைச் செய்யவில்லை.

2013 டிசம்பர் 8-ஆம் நாள் நிகழ்ச்சியைச் சிலர் மறுமொழியாகக் காட்டுவர். ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்குமிடத்தில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார், கலவரம் மூண்டது, ஊர்திகள் எரிந்தன, காவலர் பலர் காயமுற்றனர். மதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு 2014-இல் கூறியது மெய். 2015 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த சட்டம், தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் அந்தத் தடையை சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை நீட்டியது. அமைதி காப்பது அரசின் கடமை, அதில் வழக்கில்லை. ஆயின், விடுதி அறையைப் பலரோடு பகிர்ந்து வாழ்பவனுக்கு வரவேற்பறை கிடையாது என்பதையும், உணவக மேசையை அந்தச் சட்டம் தீண்டவில்லை என்பதையும் மறந்துவிட்டு, ‘அவர்களுக்குக் குடிக்கத்தான் தெரியும்’ என்று ஒயின் கோப்பையைக் கையில் வைத்தபடி பேசுவது எவ்வகை அறம்?

மதுவை எதிர்க்கும் உரிமை உள்ளவர் யார் என்பதற்கு மலாயாவின் வரலாறே சான்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். கொடுத்த கூலியைத் தோட்டத்து வாசலிலேயே உறிஞ்சிக்கொண்ட ஒரு முறையை, அதனால் நலிந்தவர்களே எதிர்த்தனர். அவர்கள் எழுப்பிய குரலைக் கடன் வாங்கி, இன்று அவர்களைப் போன்ற தொழிலாளர் மீதே வீசுகின்றனர் படித்தவர்கள்.

இந்தப் பழக்கம் மாணவர் ஏடுவரை இறங்கியிருக்கிறது. ‘மதுவின் தீமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால், குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் தந்தை கூலித் தொழிலாளியாகவே வருகிறார். ஆசிரியரும் திருத்தி மதிப்பெண் இடுகிறார். இத்தாலிய உணவகத்தில் நள்ளிரவுவரை ‘சுவைத்து’, வாடகை வண்டியில் வீடு திரும்பும் மேலாளர் மட்டும் எந்தக் கட்டுரையிலும் தள்ளாடுவதில்லை.