உதவிநாய்க்கு மேலங்கி போதாது

ஒன்ராறியோவில் ஒரு நாய் உதவிநாய் என்று மதிக்கப்பட இரண்டில் ஒன்று இருந்தால் போதும். அதன் முதுகில் உதவிநாய் என்று காட்டும் மேலங்கி இருக்க வேண்டும். இல்லையேல் அந்த நாய் தேவை என்று எழுதிய கடிதம் உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். கடிதத்தை வைத்தியர்தான் எழுத வேண்டும் என்றில்லை. தாதி, உளவியலாளர், முதுகெலும்புச் சிகிச்சையாளர், கண் பரிசோதகர் என்று பதிவுபெற்ற பலரும் எழுதலாம். மாகாணத்தின் அணுகல் விதிமுறை கேட்பது இவ்வளவைத்தான். நாயைப் பழக்கியது யார், நெரிசலில் அது குரைக்குமா, நிலத்தில் விழுந்த இறைச்சித் துண்டைத் தாண்டி நடக்குமா என்று அது கேட்பதில்லை. மேலங்கியை இணையத்தில் எவரும் வாங்கலாம். மாற்றுத்திறனாளிகளை வாசலுக்கு வாசல் மறித்து ஆதாரம் கேட்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. ஆனால் இந்தத் தளர்வால் அதிகம் இழப்பவர்கள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயிற்றப்பட்ட நாயுடன் வரும் ஓட்டிசப் பிள்ளைகள். நாயின் பயிற்சிக்கு மாகாண அரசு ஒரு தரத்தைச் சட்டமாக்க வேண்டும். அந்தத் தரத்தில் தேறிய நாயை வகுப்பறைக்கு வெளியே நிறுத்த விரும்பும் கல்விச்சபை, அதற்கான காரணத்தைத் தானே நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

ஓட்டிசப் பிள்ளைகளுக்கென்று நாய்களைப் பயிற்றும் வேலையை உலகிலேயே முதலில் கையில் எடுத்த அமைப்புகளில் ஒன்று எமது மாகாணத்தில்தான் இருக்கிறது. கேம்பிறிட்ஜ் நகரின் ‘நஷனல் சேர்விஸ் டோக்ஸ்’ 1996இல் தொடங்கப்பட்டது. இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலும் லாப்ரடோர், கோல்டன் றிட்றீவர் குட்டிகளே தெரிவாகின்றன. எட்டு வாரக் குட்டி முதலில் ஒரு தொண்டர் குடும்பத்திடம் போகிறது. கடைத்தொகுதி, பேருந்து, மின்தூக்கி, பிள்ளைகள் கூச்சலிடும் பூங்கா என்று எல்லா இடத்தையும் ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தே பழகிக்கொள்கிறது. அதன் பிறகுதான் தொழில்முறைப் பயிற்றுநர்களிடம் பல மாதப் பயிற்சி. இடையில் கழிக்கப்படும் நாய்கள் பல; சத்தத்துக்கு மருள்வதோ அணிலைக் கண்டு திரும்புவதோ போதும், அது வீட்டு நாயாகப் போய்விடும். மிஞ்சுவதைப் பொருத்தமான பிள்ளையோடு இணைத்து, கடைசியாகப் பெற்றோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இத்தனை பாடும் எதற்கென்பது ஒரு வாகனத் தரிப்பிடத்தில் தெரியும். தாய் நாயின் வாரைப் பிடித்திருக்கிறார். பிள்ளையின் இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு கயிறு நாயின் மேலங்கியில் கொளுவியிருக்கிறது. எங்கோ ஒரு பாரவண்டி ஹோர்ன் அடிக்க, பிள்ளை கையை உதறிக்கொண்டு வீதிப் பக்கம் பாய்கிறான். ஓடும் குழந்தையைக் கண்டால் கூடவே ஓடுவது நாயின் இயல்பு. ஆனால் இந்த நாய் ஓடக்கூடாது, குரைக்கக்கூடாது, பிள்ளையின் மேல் பாயவும் கூடாது. கயிறு இறுகிய கணத்திலேயே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட வேண்டும். தாய் எட்டிப் பிடிக்கத் தேவைப்படும் சில விநாடிகளை அந்த ஊன்றல்தான் தருகிறது. பிள்ளை நிலைகுலைந்து அழும்போது மடியில் தலையையோ உடலையோ சாய்த்து அழுத்தம் கொடுப்பதும், தன் தலையில் தானே அடித்துக்கொள்ளும் கையை மூக்கால் தள்ளித் தடுப்பதும் இதே நாயின் மற்ற வேலைகள். ஒரு மேலங்கியை வாங்கிப் போட்டதால் இவற்றில் ஒன்றும் வந்துவிடாது.

ஓடிப்போவது அபூர்வமாக நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, ஓட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்தது. நான்கு வயதுக்குப் பிறகும் ஒரு தடவையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓட முயன்ற பிள்ளைகள் 49 வீதம். பெற்றோர் பதறும் அளவுக்கு நேரம் காணாமற்போனவர்கள் 26 வீதம். அப்படிக் காணாமற்போனவர்களில் 65 வீதமானோர் வாகனத்தில் அடிபடும் ஆபத்தையும், 24 வீதமானோர் நீரில் மூழ்கும் ஆபத்தையும் நெருங்கி மீண்டிருந்தார்கள். கனடாவில் 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி, 1 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளில் 50 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகப் பெற்றோர் தெரிவித்திருக்கிறார்கள். ஏரியும் ஆறும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த இந்த மாகாணத்தில் இந்த எண்களின் பொருளை எந்தப் பெற்றோருக்கும் விளக்கத் தேவையில்லை.

நாயால் பலன் உண்டு என்பதற்கு ஆய்வு ஆதாரம் போதாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கியூபெக்கில் ‘மீரா’ அமைப்பின் நாய்களோடு 42 பிள்ளைகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. காலையில் கண்விழித்ததும் உடலில் ஏறும் கோர்ட்டிசோல் என்ற மனஅழுத்தச் சுரப்பை அது அளந்தது. நாய் வருமுன் அந்த ஏற்றம் 58 வீதம். நாய் வந்தபின் 10 வீதம். இரண்டு வாரம் நாயைப் பிரித்தபோது மீண்டும் 48 வீதம். எண்கள் வியக்கவைக்கின்றன. ஆயினும் நாள் முழுவதற்குமான சராசரி அளவில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பாதுகாப்பு கூடியது, வெளியே போக முடிகிறது, பயம் குறைந்தது என்று சொன்ன குடும்பங்கள் பத்தே பத்து. நாய் வந்தது பெற்றோருக்குத் தெரியாமல் சோதனை நடத்தவும் முடியாது. ஆகவே நாய் ஓட்டிசத்தைக் குணமாக்கும் என்றோ, பேச்சுப் பயிற்சிக்கும் நடத்தைச் சிகிச்சைக்கும் மாற்று என்றோ எவராவது விற்றால் அதை நாமும் எதிர்ப்போம். ஆனால் வீதிக்குப் பாயும் பிள்ளையை ஒரு நாய் நிறுத்துமா என்பதற்குச் சுரப்பு அளவீடு வேண்டியதில்லை. அதைத் தரிப்பிடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம், நூறு தடவை சோதிக்கலாம். பலனை அளப்பது கடினம், பயிற்சியை அளப்பது எளிது. சட்டம் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்பதும் இதனால்தான்.

தரம் இல்லாததன் விளைவைப் பாடசாலைகளில் பார்க்கிறோம். அணுகல் விதிமுறை பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கே பொருந்தும். வகுப்பறை அதில் அடங்காது. ஒன்பது வயது ஓட்டிசச் சிறுவன் ஒருவன் தன் நாயை வகுப்புக்குக் கொண்டுவர வாட்டர்லூ கத்தோலிக்கக் கல்விச்சபை அனுமதிக்கவில்லை. வழக்கு ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குப் போனது. நாய் இல்லாமலே அவன் வகுப்பில் முன்னேறுகிறான், ஆகவே கல்வி பெற நாய் அவசியம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2017இல் தீர்ப்பாயம் முடிவு செய்தது. தன் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தை வைத்தே தீர்ப்பாயம் பேசியது. அதைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆனால் நிரூபிக்கும் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளை நாயின்றி எப்படியோ சமாளித்துவிட்டால், அந்தச் சமாளிப்பே அவனுக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. 2019 செப்டெம்பரில் கல்வி அமைச்சு 163ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, ஒவ்வொரு கல்விச்சபையும் உதவி விலங்குகள் பற்றித் தன் கொள்கையை 2020 ஜனவரி 1க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரப் பணித்தது. கொள்கையே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். ஆனால் மாகாணத்தில் அரச நிதி பெறும் சபைகள் 72. வீடு மாறி அடுத்த சபைக்குப் போகும் குடும்பம், அதே பிள்ளைக்கும் அதே நாய்க்கும் மறுபடி விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ள மாணவரும் நாய்க்குப் பயந்த மாணவரும் அதே வகுப்பில் இருப்பார்களே என்பது அடுத்த எதிர்வாதம். சமய ஆசாரத்தால் நாயின் தீண்டலைத் தவிர்க்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களின் சங்கடத்தை மதிக்க வேண்டும். இவை உண்மையான தேவைகள் என்பதாலேயே அவற்றுக்கு உண்மையான ஏற்பாடுகள் வேண்டும்: இருக்கையை மாற்றுவது, இணை வகுப்பில் சேர்ப்பது, நாய்க்கென்று வகுப்பில் ஒரு மூலை ஒதுக்குவது. பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை ஒவ்வாமையைக் காட்டி விரட்டுவது சரியென்று நாம் ஏற்பதில்லை. பயத்தின் பெரும்பங்கும் கட்டுப்பாடற்ற நாயைப் பற்றிய பயம். தேர்வில் தேறிய நாய் என்ற உறுதி கிடைத்தால் அது பெரிதும் தணியும்.

இவற்றைவிடக் கனமான கேள்வி ஒன்றை ஆசிரியர்கள் எழுப்புகிறார்கள். வாரைப் பிடிப்பது யார்? பார்வையற்ற ஒருவர் தன் நாயைத் தானே நடத்துவார். எட்டு வயது ஓட்டிசப் பிள்ளையால் அது முடியாது. பயிற்சி முறையே பிள்ளை, நாய், வளர்ந்தவர் என்ற மூவர் கூட்டாகத்தான் அமைந்திருக்கிறது. வீட்டில் அந்த மூன்றாமவர் பெற்றோர். பாடசாலையில் ஏற்கெனவே பல பிள்ளைகளைக் கவனிக்கும் கல்வி உதவியாளர்தான் அவர். அவருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்காமல் நாயை மட்டும் அனுப்பினால் முதல் வாரமே குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தைக் காட்டியே நாயை வெளியேற்றுவார்கள். ஆகவே அனுமதி என்ற சொல்லோடு சட்டம் நின்றுவிடக்கூடாது. நாயைப் பயிற்றிய அமைப்பின் பயிற்றுநர் பாடசாலைக்கு வந்து உதவியாளருக்குப் பழக்குவதற்கான செலவையும், அதற்குரிய பணிநேரத்தையும் அமைச்சே ஏற்க வேண்டும். இதைச் சொல்லாத எந்தச் சட்டமும் ஆசிரியர்களின் முதுகில் ஏற்றிய இன்னொரு சுமையாகவே முடியும்.

இப்படியொரு சட்டம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழிகாட்டி நாய், உதவிநாய்ச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேறிய நாய்க்கு அங்கே அரச சான்றிதழ் கிடைக்கிறது. வீட்டிலேயே பயிற்றிய நாயானாலும் பொதுப் பாதுகாப்புத் தேர்வில் தேறினால் அதே சான்றிதழ் உண்டு. அல்பேர்ட்டாவிலும் 2009 முதல் உதவிநாய்ச் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்தால் பணமில்லாத குடும்பங்கள் தாமே நாயைப் பழக்கும் வழி அடைபட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தேர்வுமுறையே பதில். கனடா முழுவதற்கும் ஒரே தரத்தை எழுத முயன்ற கனடியப் பொதுத் தர நிர்ணயச் சபை, உடன்பாடு எட்டாததால் 2018இல் அம்முயற்சியைக் கைவிட்டது. ஒட்டாவா கைவிட்டதை ஒன்ராறியோ காரணமாகக் காட்ட முடியாது. மத்திய வருமான வரிச் சட்டம் கடுமையான ஓட்டிசத்துக்கான உதவி விலங்கின் செலவை மருத்துவச் செலவாக ஏற்கும்போதே, அந்தப் பயிற்சியைத் தன் முதன்மைப் பணிகளில் ஒன்றாகக் கொண்டவரிடமிருந்து விலங்கு வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. வரிச்சலுகைக்கு முக்கியமான பயிற்சி, பிள்ளையின் வகுப்பறைக்கு முக்கியமில்லாமற் போவது எப்படி?

தரம் என்பது நாயின் கீழ்ப்படிதலோடு முடிந்துவிடவும் கூடாது. நாய்களின் நலனை ஆராய்ந்த குவெல்ப் ஆய்வாளர்களே, ஓய்வும் விளையாட்டும் போதாமல் சில நாய்கள் வாடுவதைச் சுட்டிக்காட்டினார்கள். பிள்ளையைக் கயிற்றில் பிணைப்பதை ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். தன் உடல்மேல் தனக்குள்ள உரிமையை அது பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. கயிறு எந்த வயதுவரை, எந்த இடங்களில் மட்டும், பிள்ளை வேண்டாம் என்றால் என்ன செய்வது, நாய்க்கு நாளில் எத்தனை மணிநேரம் ஓய்வு என்பவை எல்லாம் தரத்திலேயே எழுதப்பட வேண்டும். அதை எழுதும் மேசையில் ஓட்டிசம் உள்ளவர்களும் உட்கார வேண்டும்.

செலவையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாயைப் பயிற்றி முடிக்க 30,000 டொலருக்கும் மேல் ஆகிறது. அந்தப் பணத்தைத் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் நன்கொடையாகவே திரட்டுகின்றன. குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. தரத்தைக் கட்டாயமாக்கும் அரசு அதற்கான நிதியையும் தராவிட்டால் வரிசை இன்னும் நீளும்.

தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன் தொகுதிகளின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாகாணசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உதவிநாய்ப் பயிற்சிக்கு ஒன்ராறியோவில் எப்போது சட்டம் வரும், பாடசாலை உதவியாளரின் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். உணவகமும் வாடகை வண்டியும் நடத்தும் எம்மவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் அமர்ந்து சாப்பிடும் இடத்துக்கு உதவிநாய் வருவதை மாகாண உணவு விதிமுறை இன்றே அனுமதிக்கிறது. உதவிநாயுடன் ஒரு குடும்பம் வந்தால் மேசையைக் காட்டுங்கள். வேலையில் இருக்கும் நாயைத் தொடவோ அதற்குச் சாப்பாடு போடவோ வேண்டாம் என்று உங்கள் பணியாளர்களுக்கும் சொல்லிவையுங்கள்.