ஓட்ட ஆள் இருக்கு, கொடி பிடிக்கத்தான் ஆள் இல்லை

படிக்க வந்த இடத்துல, அதாவது இங்கிலாந்துல, சைக்கிள் ரேஸ் ஓட்டறேன்னு சொன்னா நம்மாளுங்க கேக்கற முதல் கேள்வி: "சைக்கிள் என்ன விலை?" உண்மையைச் சொன்னா ஊர்ல இருந்து அப்பா ஃபோன் பண்ணிடுவார், அதனால வேணாம். ரெண்டாவது கேள்வி: "ஜெயிச்சியா?" இல்லைங்க. புதுசா வர்றவங்களுக்கான கடைசிப் பிரிவுல, நடுக்கூட்டத்துல முடிச்சாலே எனக்கு அன்னிக்கு தீபாவளி.

யாரும் கேக்காத இன்னொரு கேள்வி இருக்கு. அந்தத் திருப்பத்துல கொடியோட நின்னது யாரு?

இங்க அமெச்சூர் ரோடு ரேஸ்னா ரோட்டை மூடிட்டு நடத்தறதுன்னு நினைச்சிடாதீங்க. பெரும்பாலும் போக்குவரத்து ஓடிக்கிட்டே இருக்கும். முன்னால ஒரு கார், பின்னால ஒரு கார், சில மோட்டார்பைக், நடுவுல அம்பது அறுபது பேர் சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டிக்கிட்டுப் போவோம். முன்னாடி போறவர் காத்தை வாங்கிக்கறதால பின்னாடி இருக்கறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சம். ஆனா அவர் முதுகைத் தாண்டி எதுவும் தெரியாது. அடுத்த வளைவுல டிராக்டர் வருதான்னு பாக்கற கண்ணு உங்களோடது இல்லை, ஓரத்துல நிக்கற மார்ஷலோடது.

அந்த மார்ஷல் யாரு? பெரும்பாலும் ரிடையரான ஒரு பெரியவர், இல்லைன்னா ஓட்டறவங்க யாராவது ஒருத்தரோட மனைவி. சம்பளம் கிடையாது. ஒரு கப் டீ, ஒரு துண்டு கேக். சாதாரண மார்ஷல் கொடி காட்டி எச்சரிக்கலாம், அவ்வளவுதான். பயிற்சி எடுத்து, போலீஸ் அங்கீகாரம் வாங்கினவங்களுக்குத்தான் வண்டியை நிறுத்தச் சொல்ல சட்டப்படி அதிகாரம். ரெண்டு வகைக்கும் ஆள் பத்தறதில்லை. ஆள் இல்லைன்னா ரேஸ் இல்லை.

இந்த ரேஸ் சும்மா கிடைச்சதும் இல்லை. 1890கள்லயே இங்க சைக்கிள் சங்கம் பொது ரோட்டுல கூட்டமா ஓட்டற ரேஸை நிறுத்திடுச்சு. போலீஸ் மொத்தமா சைக்கிளுக்கே தடை போட்டுடுமோன்னு பயம். விடியக்காலையில, கறுப்பு உடையில, ஒவ்வொருத்தரா ஓட்டற டைம் டிரையல்தான் மிச்சம். தடத்தோட பேரைக்கூட ரகசியக் குறியீடா வெச்சாங்க (அந்தக் குறியீட்டுப் பழக்கம் இன்னும் போகலை!). 1942 ஜூன் 7ல பெர்சி ஸ்டாலார்டுன்னு ஒருத்தர் துணிஞ்சு, வேல்ஸ்ல இருக்கற லங்கோலன்ல இருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு ஒரு ரேஸ் நடத்தினார். போர்க்காலம், பெட்ரோல் ரேஷன், ரோடெல்லாம் காலி. போலீஸ் ஒத்துழைச்சது. சங்கம்தான் அவரை வெளியேத்திச்சு! அதே வருஷம் அவங்க ஆளுங்க தனிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு சங்கமும் சேர 1959 வரைக்கும் ஆச்சு. ரோட்டு ரேஸுக்குன்னு அரசு விதிகள் வந்தது 1960ல.

இப்படி சண்டை போட்டு வாங்கினதை நாம ஆள் வராம விட்டுடக் கூடாதுன்னுதான் சொல்றேன். என் கருத்து இதுதான்: ரேஸ் லைசென்ஸ் வாங்கற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு நாள் கொடி பிடிக்கணும். இஷ்டம் இருந்தா இல்லை, கட்டாயமா. பல கிளப்புகள் தங்களோட ரேஸுக்கு உறுப்பினர்களை இப்படித்தான் கூப்பிடறாங்க. அதை எல்லாருக்கும் விதியாக்கணும்.

"காசு கட்டித்தானே ஓட்டறோம்?"னு கேப்பாங்க. நாம கட்டற நுழைவுக் கட்டணம் ஹால் வாடகை, ஆம்புலன்ஸ், பரிசுன்னு போயிடுது. மார்ஷலுக்கும் கூலி கொடுக்கறதா இருந்தா மாணவன் எவனும் ரேஸ் பக்கமே வர முடியாது. "கட்டாயப்படுத்தி நிக்க வெச்சா ஒழுங்கா நிப்பானா?" இது நியாயமான கேள்வி. ஆனா ரேஸ் ஓட்டறவனுக்கு அந்தத் திருப்பத்தோட ஆபத்து நல்லாவே தெரியும். அடுத்த வாரம் அதே வளைவுல வரப்போறது அவனோட எலும்புதானே.

தேர் இழுக்க ஊரே திரளும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட நாலு பேர்தான் இருப்பாங்க. அந்த நாலு பேரும் வராட்டி தேர் எங்க போய் முட்டும்னு யாருக்கும் தெரியாது.

நானும் போன சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமை நின்னேன். மூணு மணி நேரம், மழை, கூடவே ஒரு காரோட்டியோட திட்டு வேற. கூட்டம் என்னைத் தாண்டிப் போக அரை நிமிஷம்கூட ஆகலை. கடைசியா, கூட்டத்துல இருந்து விடுபட்ட ஒரு பொண்ணு தனியா வந்தா. மூச்சு வாங்கிக்கிட்டே "தேங்க்ஸ், மார்ஷல்"னு சொல்லிட்டுப் போனா. எந்த ரேஸ்லயும் எனக்கு இப்படி ஒரு பரிசு கிடைச்சதில்லை.

ரேஸ் பக்கமே வராதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு, மக்களே. ஞாயித்துக்கிழமை கார்ல போறப்போ மஞ்சள் சட்டையில யாராவது கொடி காட்டினா ஹாரன் அடிக்காதீங்க. வேகத்தைக் குறைங்க, கூட்டம் போயிடும். முடிஞ்சா கையை ஆட்டிட்டுப் போங்க. அவர் காலையில ஏழு மணியில இருந்து அங்கதான் நிக்கறார்.