சவரக்கத்தி பழகும் பொடியன்களுக்கு

ஹெவ்லொக் டவுனில் என்ர சிநேகிதர் ரெண்டு பேர் யூடியூப் பார்த்துச் சவரக்கத்தி பழகுகிறார்கள். நல்ல விஷயம்தான். தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தியை 30 பாகை அளவில சரிச்சு, மயிர் வளர்ற பக்கமா வழிக்க வேணும், அழுத்தினா வெட்டும். கை படிய மாதக்கணக்காகும்.

ஆனா அதை 'மறந்துபோன கலை' எண்டு இன்ஸ்டாகிராமில போடேக்கதான் எரிச்சல் வருது. ஆர் மறந்தது? யாழ்ப்பாணத்தில் இந்தக் கத்தி ஒரு சாதிப் பேச்சு. டொமினிக் ஜீவா அதைப் பிடிச்ச கையாலதான் கதை எழுதினார், 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்குச் சாகித்தியப் பரிசு வாங்கினார். 1966இல் அவர் தொடங்கின 'மல்லிகை'யும் சலூனுக்குள்ள இருந்துதான் வந்தது.

வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்குப் போய்ச் சவரம் செய்து பாருங்கோ. அண்ணன் பிடிக்கிறது பாதி பிளேட் மாட்டுற கத்திதான், கோணம் அதேதான். மணிக்கட்டைக் கவனியுங்கோ.